குரலுக்கு ஒரு வேகம்

பௌர்ணமிப் போயா விடுமுறையன்று, கெலிஓயாவில் உள்ள தன் அக்காவின் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் தினேஸ் ஒரு பழைய வாக்மேனைக் கழற்றி வைத்திருந்தான். கம்பளையில் தொலைபேசி திருத்துபவனுக்கு அது கடினமான வேலையன்று. ஆனால் அதனுள் இருந்த கசெட்டில் அவன் தாயின் குரல் இருந்தது. அதைக் கேட்ட நினைவு அவனுக்கு இல்லை.

பாப்பம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனபோது அவனுக்கு ஒரு வயது. அக்கா கலாராணிக்கு ஒன்பது. எழுதத் தெரியாத பாப்பம்மா, கசெட்டில் பேசி, ஊருக்கு வருவோரிடம் கொடுத்தனுப்புவார். புசல்லாவைத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் எல்லோரும் கூடிக் கேட்பார்கள். பிறகு அவர் பேசியதன் மேலேயே பதிலைப் பதிந்து அனுப்புவார்கள். அடுத்த பேச்சு அந்தப் பதிலின் மேல் வரும். கேட்டு முடிந்ததை வைத்திருக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. கடைசிப் பதிலைப் பதிந்துவிட்டு, கொண்டுபோக ஆள் தேடிக்கொண்டிருந்தபோது பாப்பம்மாவின் மரணச் செய்தி வந்தது.

ஆகவே, அந்தப் பதில் முடிந்த இடத்துக்கு அப்பால், அழிபடாத நாடாவில் மட்டுமே அவர் குரல் எஞ்சியிருக்க முடியும்.

தினேஸ் பற்றரி முனைகளின் பச்சைக் களிம்பைத் தேசிக்காய்ச் சாற்றால் துடைத்தான். தாராக உருகியிருந்த ரப்பர் பட்டியைச் சுரண்டி எடுத்துப் புதியதை மாட்டினான். சிறு ஒலிபெருக்கி ஒன்றை இணைத்து, ஒரு பக்திப் பாட்டுக் கசெட்டைப் போட்டு வேகத்தைச் சரிபார்த்த பிறகே தாயின் கசெட்டை வைத்தான்.

முதலில் ஒரு சிறுமி கத்தினாள். “அம்மா, எனக்கு ஸ்கூலுக்கு போட வெள்ள சப்பாத்து! தம்பி மண்ணு திங்கிறான்! மறக்காம சப்பாத்து!”

“நா மண்ணு தின்னது ஒங்களுக்கு சப்பாத்துக்கு பெறகுதான், என்னக்கா?” என்றான் தினேஸ்.

“நீ தின்னது கொஞ்சமாடா? பேசாம கேளு,” என்றாள் கலாராணி.

தகப்பன் கறுப்பையா இருமிவிட்டு, கூரை ஒழுகுவதைச் சொன்னார். ஒரு சொடுக்கு. அதன் பின் கனத்த, இழுபட்ட ஒரு குரல் வந்தது, ஆணா பெண்ணா என்று தெரியாதபடி.

“...தலைய தொடச்சி விடு. நா சொகமாத்தான் இருக்கேன். வேற ஒண்ணுமில்ல.”

அவ்வளவுதான்.

“அங்க பதிஞ்ச மெஷின் வேற வேகத்துல ஓடியிருக்கு,” என்றான் தினேஸ். “இங்க ஒரு திருகாணி இருக்கு. நா திருப்பிக்கிட்டே வாறேன். அம்மா கொரல் வந்தோடன சொல்லுங்க. ஒங்களுக்குத்தானே தெரியும்.”

ஒரு நாடாவின் வேகத்தைத் தெரிந்த குரலைக் கொண்டே திருத்த முடியும். தாயின் குரல் தனக்குத் தெரியும் என்று கலாராணி அவனிடம் சொல்லாத ஆண்டில்லை. தாயைப் பற்றி அவன் கேட்கும் எதற்கும் அவளிடமே பதில் இருந்தது.

நாடா பின்னோக்கி ஓடி, மீண்டும் பேசியது. குரல் சற்று மெலிந்தது.

“இதா?”

“இன்னும் கொஞ்சம்.”

மேலும் மெலிந்தது, இளம்பெண்ணின் குரலானது. அதுவும் தாயாக இருக்கலாம். முந்தையதும் இருக்கலாம். கலாராணி கண்களை மூடி, தன்னை யாரோ பெயர் சொல்லி அழைப்பதை நினைவில் கேட்க முயன்றாள். கேட்டதோ, தன் மகளைத் தானே அழைக்கும் குரல்தான்.

“அக்கா, கூடிப்போச்சா?”

“கொஞ்சம் கொறை.”

அவன் மயிரிழை அளவு திருப்பினான். “...சொகமாத்தான் இருக்கேன்.”

தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவன் திருகாணியிலிருந்து கையை எடுக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இதுதான்,” என்றாள். “இதேதான்டா.”

தினேஸ் தலையைக் குனிந்துகொண்டான். சற்று நேரம் தோள்கள் மட்டும் அசைந்தன. பிறகு முகத்தைத் துடைத்து, “ஒங்க நகப்பூச்சு இருந்தா குடுங்கக்கா. ஒரு சொட்டு விட்டா இனி அசையாது,” என்றான்.

கலாராணி அலுமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். திருகாணியின் தலையில் சிவப்புச் சொட்டு ஒன்று விழுந்தது. அது காயும்வரை கலாராணி குனிந்து ஊதினாள்.