பொட்டு வைத்த லேப்டாப்

ஒரகடத்தில் கார் சீட் செய்கிற ஒரு கம்பெனி. அங்கே வெளியே போகிற பெட்டிகளுக்கெல்லாம் லேபிள் அடித்து ஒட்டுவது நம்பிராஜனின் வேலை. கம்பெனி கொடுத்த கம்ப்யூட்டரைக் காலையில் தட்டிவிட்டு, கேன்டீனுக்குப் போய் ஒரு டீ குடித்து, ஆற அமர இன்னொரு டீயும் குடித்துவிட்டு வந்தாலும் அது கண்ணைத் திறக்காது. அதற்குள் லாரி டிரைவர் வந்து தலைக்கு மேலே நின்று கத்த ஆரம்பித்துவிடுவார். கத்தினால் கத்தட்டும் என்று இருந்துவிட நம்பிராஜன் என்ன நிரந்தர ஊழியனா? வெறும் டிரெய்னி.

ஆகவே அவன் ஒரு காரியம் செய்தான். சென்னை ரிச்சி தெருவில் வாங்கிய தன் பழைய லேப்டாப்பில், படப்பை ரூமில் கூடத் தங்கியிருந்தவன் சொல்லிக்கொடுத்தபடி, கம்ப்யூட்டரை ஓட்டுகிற ஓ.எஸ்.களில் ஒன்றான லினக்ஸை ஏற்றினான். ஓசியில் கிடைப்பது, யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம், வேண்டாததைக் கழற்றி எறியலாம். அந்த லேப்டாப்பைச் சாப்பாட்டுப் பையில் புளிசாதத்துக்கு அடியில் படுக்கவைத்து உள்ளே கொண்டுவந்து லேபிள் பிரின்டரோடு கோத்துவிட்டான். மூடியைத் திறந்ததுதான் தாமதம், லேபிள் கொட்டியது. லாரிக்காரர்கள் அவனை 'சாமி' என்றே கூப்பிடத் தொடங்கினார்கள். வேலை முடிந்ததும் டிராயரில் துடைக்கிற துணிக்கு அடியில் ஒளித்துவைப்பான்.

ஐ.டி. பிரிவு விமல்ராஜுக்கு இது தெரியாது. அவருக்குச் சொந்த மெஷின் என்றாலே ஆகாது. பென் டிரைவைப் பார்த்தால்கூடத் தேளைப் பார்த்த மாதிரி துள்ளுவார். ஆயுதபூஜைக்கு முந்தின நாள் எல்லோரையும் கூட்டி நிறுத்தினார்.

"பூஜை லீவு முடிஞ்சு வந்ததும் டிராயர் டிராயரா செக் பண்ணப் போறேன். எவன்கிட்டயாவது சொந்த லேப்டாப், கண்ட கண்ட ஓ.எஸ். இருந்துச்சு, அவன் அப்படியே வூட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம்!"

அந்த மாதம்தான் நம்பிராஜனை நிரந்தரமாக்கும் ஆர்டர் வரவேண்டும். பூஜை அன்று எல்லோரும் பொரிப் பையோடு வெளியேறும்போது, லேப்டாப்பைப் பொரிக்குள் புதைத்துக் கொண்டுபோய்விடுவது என்று முடிவு செய்தான். நல்ல திட்டம்தான். ஆனால் கிளியம்மாளை அவன் யோசிக்கவில்லை.

பிள்ளைப்பாக்கத்திலிருந்து வருகிற ஹவுஸ்கீப்பிங் அக்கா அவர். கையில் சந்தனக் கிண்ணம் கிடைத்துவிட்டால் எதையும் விட்டுவைக்கமாட்டார். டிராலிக்கு வைத்தார், தராசுக்கு வைத்தார், ஸ்டேப்ளருக்கு வைத்தார், உட்கார்ந்தபடியே தூங்கிய ஒரு சூப்பர்வைசரின் ஹெல்மெட்டுக்கும் வைத்தார். துடைக்கத் துணி தேடி நம்பிராஜனின் டிராயரை இழுத்தவர் கண்ணில் லேப்டாப் பட்டது.

"நீ மட்டும் இன்னா பாவம் பண்ண? நீயும்தான ஒழைக்கிற!"

மூடியில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்து, துணியைப் போட்டு மூடிவிட்டுப் போனார். பின்னால் வந்த நம்பிராஜன் அவசரத்தில் துணியோடு வாரி எடுத்துப் பொரிக்குள் செருகினான்.

கேட்டில் செக்யூரிட்டி சுப்பன் பையைத் தடவிப் பார்த்தார்.

"இன்னா தம்பி, பொரி இவ்ளோ கெட்டியா கீது?"

கையை விட்டு இழுத்தார். துணி நழுவியது. பொட்டு பளிச்சென்று தெரிந்தது.

"பூஜை போட்ட மெஷினா? அப்போ கம்பெனிது! எங்க தூக்கினு போற?"

நம்பிராஜன் கணக்குப் போட்டான். தன்னுடையது என்றால் வேலை போய்விடும். கம்பெனியுடையது என்றால் திருட்டுக் கேஸ். அப்போதுதான் செக்யூரிட்டி ரூமை ஒட்டியிருந்த பிள்ளையார் கோயில் கண்ணில் பட்டது.

"அண்ணாச்சி, உள்ள தீபாராதன காட்டும்போது இது ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு. பாவம்லா? அதான் பிள்ளையாருக்கு முன்னால வச்சு ஒரு சூடத்தக் காட்டிட்டு, திரும்ப உள்ள கொண்டுபோயிருவோம்னு வந்தேன்."

"அத்த ஏன் பொரிக்குள்ள வெச்ச?"

"நெவேத்தியம் அண்ணாச்சி."

சுப்பன் நெகிழ்ந்துபோனார். தானே சூடம் ஏற்றி, தேங்காயும் உடைத்தார். அந்த நேரம் பார்த்து விமல்ராஜ் வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு, ஷூவைக் கழற்றிப் போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அப்புறம் லேப்டாப்பைத் திருப்பிப் பார்த்தார்.

"கம்பெனி ஸ்டிக்கரக் காணோமே?"

"தேங்காத் தண்ணி பட்டு வுழுந்துட்டிருக்கும் சார்" என்றார் சுப்பன்.

சட்டைப்பையில் ஸ்டிக்கர் இல்லாமல் விமல்ராஜ் எங்கேயும் போவதில்லை. ஒன்றை உரித்து ஒட்டி, லேப்டாப்பை அக்குளில் இடுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். நம்பிராஜன் வெறும் பொரிப் பையோடு நின்றான். பொரியைத் தின்றபடியே படப்பை ஷேர் ஆட்டோவில் ஏறினான்.

லீவு முடிந்து சோதனை நடந்தது. நம்பிராஜன் டிராயரில் ஒன்றும் அகப்படவில்லை. நிரந்தர ஆர்டரும் வந்தது. கொண்டுவந்தவர் விமல்ராஜேதான். இன்னொரு கையில் லேப்டாப்.

"மெஷின சாமியா பாக்கிறவன்கிட்டதான் இது இருக்கணும்னு மேனேஜரே சொல்லிட்டாரு. உள்ள எவனோ கண்ட கண்ட ஓ.எஸ். போட்டு வெச்சிருந்தான். மொத்தத்தையும் அழிச்சிட்டு, அந்த டேபிள் மெஷின்ல கீறத அப்படியே இதுலயும் ஏத்திட்டேன். பத்திரமா பாத்துக்க. கேட்டத் தாண்டக் கூடாது, சொல்லிட்டேன்!"

நம்பிராஜன் மூடியைத் திறந்தான். கீபோர்டு இடுக்கில் ஒரு பொரி கிடந்தது. பட்டனை அழுத்தினான். திரையில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்கியது. சுற்றிக்கொண்டே இருந்தது. லாரி டிரைவர் வந்து தலைக்கு மேலே நின்றார்.

"சாமி, லேபிளு?"

"வாங்க அண்ணாச்சி," நம்பிராஜன் எழுந்தான். "ரெண்டு டீ குடிச்சிட்டு வருவோம்."