வியாழக்கிழமைப் பதிவு

“அண்ணியை விட்டுடுண்ணா.”

இந்த வார்த்தை மட்டும் என் வாயிலிருந்து வரக் கூடாது என்று அம்மா அடித்துச் சொல்லியிருந்தாள். வந்துவிட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அண்ணன் ரிசீவரைக் காது மாற்றிப் பிடித்தான். “என்ன சொன்ன? சரியாக் கேக்கல.”

கேட்டிருந்தது.

இரண்டு வாரத்துக்கு ஒரு வியாழன், ஒருவருக்கு மட்டும் அனுமதி. இன்று அண்ணியின் முறை. அடம்பிடித்து நான் வந்தேன். சிறை வாசல் வரிசையில் எங்கள் தெருப் பெண்கள் பாதிப் பேர். தெருவில் ஒரு சாவு விழுந்தால் தூக்க நாலு ஆண்கள் தேறுவதில்லை.

“கஞ்சாப் பொட்டலம் சுமந்தது நீ. பதினாலு வருஷம் உனக்குப் போட்டாங்க. அவங்களுக்கு யார் போட்டது?”

“பட்டதாரியம்மா கேள்வி கேக்க வந்துட்டாங்க,” என்று சிரித்தான். “அவ சொல்லி அனுப்பினாளா?”

“அவங்க சொல்லுவாங்களா? உன்கூடக் குடித்தனம் பண்ணதே ஏழு மாசம். வியாழக்கிழமை லீவு போட்டே மூணு தையல் ஆலையில வேலை போச்சு. இப்ப வெளியூர்ல சூப்பர்வைசரா கூப்பிடறாங்க, தங்க இடத்தோட. லெட்டரைக் கிழிச்சுப் போட்டுட்டாங்க. இன்னும் பதினோரு வருஷம் இருக்குண்ணா.”

எங்கள் வீட்டின் முதல் பட்டம் அண்ணியின் தையல் கூலியில் வாங்கியது. அதை நான் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியும்.

சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தான்.

“போன தடவையே சொல்லணும்னுதான் உட்கார்ந்தேன். போய்ப் பொழைச்சுக்கோன்னு. வாயைத் திறந்தா ‘முடி வெட்டிக்கிட்டியா’ன்னு வருது. வெட்டவே இல்லையாம். மணி அடிக்கிற வரைக்கும் சிரிச்சா.”

எனக்கு வந்த கோபம் யார்மேல் என்று தெரியவில்லை.

“இப்ப சொல்லு. நான் போய்ச் சொல்லிடறேன்.”

“நானே சொல்றேன். அடுத்த தடவை அவளை அனுப்பு.” என்னைப் பார்க்காமல் சேர்த்தான்: “கடைசியா ஒரே ஒரு தடவை.”

பொட்டலம் தூக்கிப் போன அன்றும் இதையேதான் சொன்னான்.

மணி அடித்தது.

கவுண்டரில் இருந்த காவலர் அக்கா அடுத்த முறைக்கான பதிவேட்டைத் திறந்து, என்னைக் கேட்காமலேயே ‘மனைவி’ என்று எழுதினாள்.

“அதை அடிச்சிடுங்கக்கா. தங்கச்சின்னு எழுதுங்க.”

“ஏன், அந்தப் பொண்ணுக்கு உடம்பு சரியில்லையா?”

“இனிமே வர வேண்டாம்னு அண்ணன் சொல்லிட்டான்.”

சொல்லும்போது குரல் நடுங்கியது. வீட்டில் அண்ணியிடம் இதையே சொல்லும்போது நடுங்கக் கூடாது. அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.