கடைசி இரண்டு பக்கம்

1

கோடை விடுமுறையில் வாசிக்கப் புதிய நாவல்கள் சிலவற்றைச் சொல்லுங்கள் என்று ஒரு மாத இதழ் கேட்டது. இந்தக் கதை அந்தக் கட்டுரையில் தொடங்கியது. அதில் ஒரு குவாரி நாவலைப் பற்றி எழுதினேன்: 'முழுக்க உண்மை. கடைசி இரண்டு பக்கத்தை மட்டும் மன்னித்துவிடலாம்.'

2

காரக்கோணம் ஆஸ்பத்திரி வார்டில் மின்விசிறிகள் அனல்காற்றை

(வேண்டாம். ஆஸ்பத்திரி என்றாலே மின்விசிறியில் தொடங்குவதை விடவேண்டும்.)

கனகதாசின் வலது பாதத்தில் கல் விழுந்தது. சின்ன வயதில் பாறசாலைக்குக் கிழக்கே ஒரே குவாரியில் சல்லி உடைத்தவர்கள் நாங்கள். படுத்துக் கிடப்பவனுக்குப் பொழுது போகட்டும் என்று, முழுக்க உண்மை என்று சொல்லி, அந்த நாவலைக் கொடுத்தேன். மறுநாள் போனால் புத்தகம் வைத்த இடத்திலேயே இருந்தது.

"எலே, நான் படிச்சது மலையாளமாக்கும். இதுல ஒரு எழுத்து தெரியுமா எனக்கு?"

காலமெல்லாம் அவனோடு தமிழில் சண்டை போட்ட எனக்கு இது தோன்றவில்லை.* அன்றிலிருந்து நானே போய் வாசித்தேன்.

* கேரள எல்லையோரம் எங்கள் பக்கத்தில் பலருக்கும் பேச்சு தமிழ், படிப்பு மலையாளம். என்னை மட்டும் அப்பா எல்லைக்கு அந்தப்புறம் தமிழ்நாட்டுப் பள்ளியில் சேர்த்தார். மொழிப்பற்று இல்லை, அங்கே மதியச் சோறு உண்டு.

3

நாவலில் பொன்னையன் என்பவனுக்கும் கால் நசுங்குகிறது. (கொடுக்கும்போது இது ஏன் உறைக்கவில்லை? குவாரிக் கதையில் கால் நசுங்காமலா?) பாதத்தை எடுக்காவிட்டால் அழுகல் மேலே ஏறி உயிர் போகும் என்று டாக்டர் கனகதாசிடம் சொல்லியாயிற்று. இவன் சம்மதிக்கவில்லை.

"பொன்னையன் என்ன செய்யுதான்னு கேக்கட்டு. பெறவு சொல்லுதேன்."

அது வெறும் கதை என்றேன்.

"முழுக்க உண்மைன்னு நீயாக்கும் சொன்னது."

அந்தக் கடைசி இரண்டு பக்கத்தில் பொன்னையன் டாக்டரை மறுத்துவிட்டு, கம்பை எறிந்துவிட்டு, நடந்தே குவாரிக்குப் போகிறான். சூரியன் வேறு உதிக்கிறது.

4

கனகதாசின் மனைவி விமலகுமாரி வராந்தாவில் நாவலின் முடிவைக் கேட்டாள். சொன்னேன்.

"அண்ணே, காலை எடுக்க பொன்னையன் சம்மதிச்சான்னு வாசியுங்க. அவருக்கு எழுத்தா தெரியும்?"

முடியாது என்றேன். எழுதாததை வாசித்தால் பொய். ஆனால் எழுதியிருப்பதும் பொய்தானே? அழுகின காலோடு எவன் நடந்தான்? அப்படியானால் நான் மாற்றி வாசிப்பது

(இந்த வரியைப் பலமுறை எழுதி அடித்தேன். இப்படியே கிடக்கட்டும்.)

5

முடிவு ஒன்று: மாற்றி வாசிக்கிறேன். பிழைக்கிறான். பிறகொரு நாள் தமிழ் தெரிந்த யாரையோ பிடித்து அதே பக்கத்தை வாசிக்கச் சொல்கிறான். அப்புறம் சாகும்வரை என் முகத்தில் விழிப்பதில்லை.

முடிவு இரண்டு: உள்ளபடி வாசிக்கிறேன். அவனுக்கு நாவல் பிடித்துப்போகிறது. விமலகுமாரி

முடிவு மூன்று: தொண்டை சரியில்லை என்று நாளைக்குத் தள்ளுகிறேன். நாளைவரை தாங்காது என்று டாக்டர் இப்போதுதான் சொல்லிவிட்டுப் போனார்.

புத்தகம் என் மடியில் விரிந்திருக்கிறது. விமலகுமாரி ஜன்னல் பக்கம் திரும்பி நிற்கிறாள். "வாசிலே," என்கிறான் கனகதாஸ்.

இந்த வார்டில் தமிழ் எழுத்து தெரிந்தவன் நான் ஒருவன். இவ்வளவு தூரம் வாசித்து வந்துவிட்ட நீங்கள் இன்னொருவர். இந்தாருங்கள், புத்தகத்தைப் பிடியுங்கள். கொஞ்சம் சத்தமாக வாசியுங்கள். வெடிச்சத்தம் கேட்டுக் கேட்டு அவனுக்குக் காது மந்தம்.