ஆயுள் தடை

அப்பாவின் கழுத்துப் பொத்தானைப் போட முடியவில்லை. லோரெட்டா இரண்டு தரம் முயன்றுவிட்டு டையை மேலே ஏற்றி மறைத்தாள். ஈமச்சடங்கு நிலையத்தின் பின்னறை சில்லென்று இருந்தது. தம்பி டுவேன் கைபேசியும் கையுமாக உள்ளே வந்தான்.

"அக்கா, கிளப்புலேர்ந்து பேசினாங்க. அப்பா மேல இருந்த தடை முடிஞ்சுபோச்சாம்."

"என்னடா உளர்ற?"

"ஆயுள் தடைதானே? ஆயுள் முடிஞ்சுது, தடையும் முடிஞ்சுது. சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னாடி பெட்டியை மைதானத்துக்குள்ள கொண்டு வரலாமாம். பெரிய ஸ்கோர் பலகையில பேர் போடுவாங்களாம்."

லோரெட்டாவுக்குச் சிரிப்புதான் முதலில் வந்தது. பிறகு கோபம்.

அப்பா வெர்னன் கொசார் அந்த ஓஹையோ ஆலை நகரத்தின் பேஸ்பால் அணிக்கு ஆறு வருஷம் பந்து வீசியவர். 1974-ல், தன் அணிதான் ஜெயிக்கும் என்று முடிவெட்டும் கடையில் இருபது டாலர் பந்தயம் கட்டினார். அணி ஜெயித்தது, அவர் தொலைந்தார். பந்தயம் கட்டும் ஆட்டக்காரனுக்கு ஆயுள் தடை: ஆடக் கூடாது, பயிற்சி தரக் கூடாது, மைதானத்து வாசலையே மிதிக்கக் கூடாது. அதன்பிறகு ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெளியே காரை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, ரேடியோவில் கேட்டார். போன வருஷம் அதே வாசலுக்கு மேல் ஒரு பந்தயக் கம்பெனியின் விளம்பரம் ஏறியது. "அவசரப்பட்டுட்டேன்மா. அம்பது வருஷம் பொறுத்திருக்கணும்" என்றார்.

அவரை ஒரே ஒரு தரம் உள்ளே விடச் சொல்லி லோரெட்டா கிளப்புக்கு ஏழு கடிதம் எழுதினாள். ஒன்றுக்கும் பதில் இல்லை. செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் அவர் மூச்சுக்குத் தவித்தபோது மனசு கேட்காமல், "அப்பா, அனுமதி வந்துடுச்சு. சனிக்கிழமை போறோம்" என்று பொய் சொன்னாள்.

அவர் கண்ணைத் திறந்தார். "என் ஷூவைத் தொடச்சு வை. உள்ள போறப்ப கோட்டை மிதிச்சுடாத. தரித்திரம்."

மைதானத்து ஓரச் சுண்ணாம்புக் கோட்டை எந்த ஆட்டக்காரனும் மிதிக்க மாட்டான். அப்பா கார் நிறுத்துமிடத்துக் கோட்டைக்கூடத் தாண்டித்தான் நடப்பார்.

"வேண்டாம்னு சொல்லிடவாக்கா?"

"இருந்தப்ப எட்டிப் பாக்கல. செத்தப்புறம் பெரிய மனசு காட்ட வந்துட்டானுங்க." அவள் டையை மறுபடி நேராக்கினாள். "வர்றோம்னு சொல்லு. சனிக்கிழமைன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

சனிக்கிழமை மதியம் பின்வாசல் வழியாகப் பெட்டி உள்ளே போனது. தூக்கிய ஆறு பேரில் டுவேனும், அப்பாவோடு ஆடிய ஒரு கிழவரும் இருந்தார்கள். துடைத்த ஷூ பெட்டிக்குள் அப்பாவின் காலில் இருந்தது. பலகையில் அவர் பெயர் ஒளிர்ந்தது. அதற்குக் கீழேயே அன்றைய ஆட்டத்துக்கு எவ்வளவு பந்தயம் கட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்று ஓடிக்கொண்டிருந்தது. லோரெட்டா தரையை மட்டுமே பார்த்து நடந்தாள்.

"நில்லுங்க. கோடு இருக்கு, காலைத் தாண்டி வைங்க."

"இதெல்லாம் எனக்குச் சொல்லணுமாம்மா?" என்றார் கிழவர். அவர் கால் ஏற்கனவே உயர்ந்திருந்தது.

ஆறு பேரும் தாண்டினார்கள். லோரெட்டா கடைசியாகத் தாண்டினாள். திரும்பிப் பார்த்தாள், சுண்ணாம்பு கொஞ்சமும் கலையவில்லை.

கிளப் அதிகாரி கையை நீட்டியபடி வேகமாக வந்தார்.

"உங்கப்பா எங்க குடும்பத்துல ஒருத்தர்மா."

அவருக்குப் பின்னால், சுண்ணாம்புக் கோட்டின் நடுவே, ஒரு ஷூ தடம் பதிந்திருந்தது.