கடைசி லேடீஸ் சீட்

கல்யாணமாகி முதல் ஒன்றரை வருஷம் செல்வசிங் தன் மனைவியிடம் பேசியதெல்லாம் அவளுடைய பின்கழுத்தைப் பார்த்துத்தான்.

சுகிர்தராணி குவைத்தில், ஃபஹாஹீல் பக்கத்து அரசு மருத்துவமனையில் நர்ஸ். நர்ஸுகளின் விடுதியில் தங்கியிருந்தாள். கணவனே ஆனாலும் ஆண்கள் அங்கே வாசல் காவலரைத் தாண்ட முடியாது. செல்வசிங் ஏசி டெக்னீஷியன். ஃபஹாஹீலிலேயே கம்பெனி கேம்பில், ஓர் அறைக்கு எட்டுப் பேர் என்ற கணக்கில் இருந்தான். இருவரும் நாகர்கோவில் பக்கத்துக்காரர்கள். லீவில் போய்க் கல்யாணம் செய்துகொண்டு, ஒரே விமானத்தில் குவைத்துக்குத் திரும்பி, விமான நிலையத்திலிருந்து வேறு வேறு வண்டிகளில் ஏறிப் போனவர்கள். வெளியே அறை எடுத்துத் தங்க மருத்துவமனையின் அனுமதி வேண்டும். அது வரும்வரை அவர்களுக்கென்று இருந்தது வெள்ளிக்கிழமை பஸ் மட்டும்தான்.

அங்கே வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. ஆராதனையும் அன்றுதான். ஃபஹாஹீலில் பஸ் ஏறி, மங்காஃப், அபு ஹலீஃபா, ஃபின்தாஸ் என்று கடலை ஒட்டியே நகரத்துக்குப் போய், சர்ச்சில் தமிழ் ஆராதனை முடிந்ததும் அதே பஸ்ஸில் திரும்புவார்கள்.

முதல் வாரம் அருகருகே உட்கார்ந்தார்கள். பஸ்ஸின் முன்வரிசைகள் பெண்களுக்கு. எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண் ஏறினால் அவன் எழுந்துகொள்ள வேண்டும். அவள் இறங்கினால் உட்காரலாம். அடுத்த நிறுத்தத்தில் மறுபடி எழுந்துகொள்ள வேண்டும். எகிப்துக்கார டிரைவர் இதைக் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினார். சொல்ல ஆரம்பித்த எதையும் செல்வசிங்கால் முடிக்க முடியவில்லை.

இரண்டாவது வாரம் சுகிர்தராணி பெண்கள் வரிசையில் கடைசி சீட்டுக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் அதற்குப் பின்னால் உட்கார்ந்தான். அந்த இடத்திலிருந்து அவனை யாரும் எழுப்ப முடியாது. முன்சீட்டுக் கம்பியில் இரண்டு கைகளையும் வைத்து, அதன்மேல் மோவாயை வைத்துக்கொண்டால், மெதுவாகப் பேசினாலே அவளுக்குக் கேட்டது. அவள் திரும்புவதில்லை. சாலையைப் பார்த்தபடியே பதில் சொல்வாள். இடையில் ஓர் ஊர் முழுக்கக் கடந்துபோகும். இருவரும் பேசாமல் இருப்பார்கள். அது சங்கடமாக இருந்ததில்லை. பார்த்துக்கொள்ளக் கடல் இருந்தது.

அவள் கவனித்துக் கேட்கும்போது கழுத்து அசையாது. பிடிக்காததைக் கேட்டால் கையைப் பின்னால் கொண்டுவந்து கிளிப்பைக் கழற்றி மாட்டுவாள். அவனுடைய அப்பா குடித்தே செத்தது, முதல் கம்பெனியில் அவனை ஏமாற்றியது, தண்ணீரைக் கண்டால் அவளுக்கு உள்ள பயம் எல்லாவற்றையும் இருவரும் அப்படித்தான் தெரிந்துகொண்டார்கள். கேம்பில் பக்கத்துக் கட்டிலில் இருந்த காயல்பட்டணத்து யஹ்யாவிடம் ஒருநாள் இந்த ஏற்பாட்டைச் சொல்லிவிட்டான். யஹ்யா வெற்றிலை போடுவதை நிறுத்திவிட்டு, "பொஞ்சாதி பின்னாலேயே போறவன்னு ஊருல சும்மாதான் சொல்லுவாங்க சிங்கு. நீ நெசமாவே போறியே" என்றார். அறை முழுக்கச் சிரித்தது. அவனும் சிரித்தான்.

அனுமதி வந்தது. அபு ஹலீஃபாவில் ஒரு கோவாக்காரக் குடும்பத்தின் ஃபிளாட்டில் ஓர் அறை கிடைத்தது. கட்டில், அலமாரி, எதிரெதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. ஆராதனைக்குப் போக பஸ் தேவைப்படவில்லை. பக்கத்துத் தெருவில் இருந்த ஜெகின் அண்ணன் தன் காரில் வந்து அழைத்துப் போனார்.

அந்த இரண்டு நாற்காலிகளில் உட்கார்ந்தபோதுதான் செல்வசிங்குக்குப் பேச்சு நின்றுபோனது. ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அவள் முகத்தில் ஏதாவது மாறும். புருவம், உதடு, ஏதோ ஒன்று. அது என்னவென்று பார்ப்பதற்குள் சொல்ல வந்தது போய்விடும். கழுத்தைப் படிக்கத் தெரிந்த அளவு முகத்தைப் படிக்க அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்போல. கேஸ் தீர்ந்தது, நாளைக்கு டூட்டி எப்போது, கோவாக்காரி குளியலறையை எப்போது விடுவாள் என்பதோடு பேச்சு முடிந்தது. சண்டை ஒன்றும் இல்லை. இரவில் அவள் கை அவன்மேல்தான் கிடந்தது. ஆனால் பேச்சு இல்லை.

இந்த நிலையில் அவள் கர்ப்பமானாள்.

பிரசவம் இங்கேயே, அவள் வேலை பார்க்கும் மருத்துவமனையில். விடுப்பு முடியும் முன்னால் குழந்தையை ஊருக்குக் கொண்டுபோய் செல்வசிங்கின் அக்காவிடம் விட்டுவிட்டுத் திரும்புவது. அவளோடு வேலை செய்யும் நர்ஸுகள் பாதிப் பேர் இப்படித்தான் செய்திருந்தார்கள். அக்காதான் ஃபோனில் இந்த யோசனையைச் சொன்னாள். தொட்டில் கம்புக்கு வார்னிஷ் அடித்தாகிவிட்டது என்றும் சொன்னாள். செல்வசிங் வந்து நாற்காலியில் உட்கார்ந்து அக்கா சொன்னதைச் சொன்னான். சுகிர்தராணி அவன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, சரி என்றாள். அவனும் சரி என்றான். பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

ஏழாவது மாதம் சுகிர்தராணியின் தோழி எப்சிபா வந்திருந்தாள். அதே மருத்துவமனை, அதே விடுதி. அவளுடைய மகள் மார்த்தாண்டத்தில் பாட்டி வீட்டில் வளர்கிறாள். எப்சிபா கேசட்டில் கதையும் பாட்டும் பேசி அனுப்புவாள். பிள்ளை அதைக் கேட்டுக்கொண்டுதான் தூங்குமாம். போன லீவில் அவள் பக்கத்தில் படுத்து அதே பாட்டைப் பாடியிருக்கிறாள். பிள்ளை எழுந்துபோய் டேப் ரெக்கார்டரைத் தூக்கிவந்து, இரண்டு பேருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு, அதன் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறது. எப்சிபா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் போன பிறகு சுகிர்தராணி மூன்று டீ கிளாஸ்களை நெடுநேரம் கழுவினாள். செல்வசிங் பழுதில்லாத இஸ்திரிப்பெட்டியைக் கழற்றி மாட்டினான்.

அந்த வாரம்தான் சூப்பர்வைசர் அனந்தகிருஷ்ணன், பெரிய கட்டடம் ஒன்றைக் குளிர்விக்கும் சில்லர் பிளான்ட்டுக்கு நிரந்தர நைட் டூட்டிக்கு ஆள் வேண்டும் என்று கேட்டார். யாரும் விரும்பிப் போகாத டூட்டி. செல்வசிங் யோசித்துச் சொல்வதாகச் சொன்னான். சனிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். இரவில் வேலை என்றால் பகலில் குழந்தையோடு அறையில் இருக்கலாம். ஓபி பிரிவில் இருந்ததால் சுகிர்தராணிக்குப் பகல் டூட்டிதான். ஆனால் அவள் சரி என்று சொல்லிவிட்டாளே. அனுப்பிவிடுவதுதான் அவளுக்கு நிம்மதி என்றால்? மூன்று நாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தான். கேட்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் அவள் சேலையைக் கட்டிக்கொண்டே, "ஜெகின் அண்ணனுக்கு ஃபோன் பண்ணி வராண்டாம்னு சொல்லிட்டேன். இன்னைக்கு பஸ்ஸுல போவோம்" என்றாள்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டான்.

பஸ் பாதி காலியாக வந்தது. அவள் காலியான வரிசைகளை எல்லாம் தாண்டி, கடைசி லேடீஸ் சீட்டுக்குப் போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் அருகில் உட்காரப் போனான். அவள் கைப்பையை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அவன் பின்னால் போய் உட்கார்ந்து கம்பியில் கைகளை வைத்தான்.

அடுத்த நிறுத்தத்தில், வீட்டு வேலை செய்யும் பெண் ஒருத்தி ஏறினாள். இலங்கைக்காரி, அவர்கள் வயதுதான் இருக்கும். சுகிர்தராணி பையை மடியில் எடுத்து அவளுக்கு இடம் கொடுத்தாள். பஸ் ஃபின்தாஸைத் தாண்டியது. கடல் வெளுத்துக் கிடந்தது. அவன் மோவாயைக் கையில் வைத்தான்.

"பிள்ளைய அனுப்ப வேண்டாம்" என்றான்.

கழுத்து அசையவில்லை.

"எனக்கு மொதல்லயே இஷ்டமில்ல. நீ சரின்னு சொன்னதுனால நானும் சரின்னேன்."

"நீங்கதான மொதல்ல சொன்னீங்க?"

"நான் அக்கா சொன்னதச் சொன்னேன்."

"தீர்மானிச்சிட்டு வந்து சொல்லுத மாதிரில்லா ஒங்க மொகம் இருந்திச்சு."

"என் மொகமே அப்படித்தான்."

அவள் தோள்கள் ஒருமுறை குலுங்கின. சிரிப்பா அழுகையா என்று பின்னாலிருந்து தெரியவில்லை. அவன் காத்திருந்தான். ஒரு பள்ளிவாசல், ஒரு பெட்ரோல் நிலையம், பிறகு வெறும் மணல் கடந்துபோயின. அவள் கை கிளிப்புக்கு வரவில்லை.

சில்லர் பிளான்ட்டைப் பற்றிச் சொன்னான். அவள் டூட்டிக்குப் போகும் நேரத்தில் தான் வந்துவிட முடியும் என்றும், பால் கரைக்கவும் துணி மாற்றவும் கற்றுக்கொள்ள முடியும் என்றும் சொன்னான். கேம்பில் யஹ்யா என்ன சொல்வார் என்பதையும் அவனே சொன்னான். அவள் ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டாள். காய்ச்சல் வந்தால்? நல்ல வெயிலில் கரண்ட் போனால்? அவன் இல்லாத இரவில் அவளுக்கே முடியாமல் போனால்? சிலவற்றுக்கு அவனிடம் பதில் இருந்தது. சிலவற்றுக்குக் கோவாக்காரியின் பெயரைச் சொன்னான்.

பக்கத்தில் இருந்த இலங்கைக்காரி இவ்வளவு நேரமும் டிரைவரின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது பாதி திரும்பினாள்.

"குறை நினைக்காதேங்கோ அண்ணை. இரவு வேலை எண்டா நீங்கள் எப்ப நித்திரை கொள்ளுறது?"

செல்வசிங் அதை யோசித்திருக்கவில்லை.

"பிள்ளை படுக்கிற நேரம் நீங்களும் படுங்கோ" என்றாள் அவள். "அந்த நேரத்தில சமையல், உடுப்புத் தோய்க்கிறது எண்டு ஒண்டும் செய்யக்கூடாது. செய்தா ஒரு கிழமைக்கு மேல தாங்க மாட்டியள். வேலை செய்யிற வீடுகளில நான் பாக்கிற மூண்டாவது பிள்ளை இது." சொல்லிவிட்டு மறுபடி டிரைவரின் முதுகைப் பார்க்க ஆரம்பித்தாள்.

நகரத்தின் உயரமான கட்டடங்கள் தெரிய ஆரம்பித்தன.

"நீங்க உள்ள வரும்போது நான் கெளம்பணும். நான் வந்ததும் நீங்க படுக்கணும்" என்றாள் சுகிர்தராணி. "நாம ரெண்டு பேரும் எப்பப் பேசுறது?"

"இப்ப மட்டும் வீட்டுல பேசுறோமா?"

அவள் வழக்கம்போலத் திரும்பாமல், கையை மட்டும் பின்னால் நீட்டி, கம்பியில் இருந்த அவன் விரல்மேல் வைத்தாள். இலங்கைக்காரி இறங்குவதற்காக எழுந்தபோது அதை எடுத்துக்கொண்டாள்.

"அனந்தகிருஷ்ணன் சார்கிட்ட நாளைக்குச் சொல்லிருங்க" என்றாள். "அக்காட்ட நானே ஃபோன்ல சொல்லுதேன். நீங்க சொன்னா தெளிவா சொல்ல மாட்டிய."

இறங்கியதும் நிறுத்தத்தில் ஒரு கணம் எதிரெதிரே நின்றார்கள். அவள் கண்கள் சிவந்திருந்தன. எதற்காகச் சிவந்தன என்று கேட்க நினைத்து, கேட்காமல், அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நடந்தான்.

ஆராதனை முடிந்து வெளியே வந்ததும் ஜெகின் அண்ணன் கார் சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார். வயிற்றுப் பிள்ளைக்காரியை இந்த வெயிலில் பஸ்ஸில் அழைத்து வருவானா ஒருத்தன் என்று செல்வசிங்கைத் திட்டினார். சுகிர்தராணிதான் மறுத்தாள். போகும்போதும் பஸ்ஸில்தான் போகிறோம், பிள்ளைக்குப் பெயர் யோசிக்க வேண்டியிருக்கிறது என்றாள்.

"அத வீட்டுல இருந்து யோசிச்சா ஆகாதா? பெயரு யோசிக்க பஸ் ஏறுத ஆளுகள இப்பதான் பாக்கேன்" என்றார் அவர்.

இருவரும் சாலையைக் கடந்து நிறுத்தத்துக்கு வந்தார்கள். அங்கே நிழல் இல்லை. அவள் ஆராதனைப் புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டாள். அவன் அவள்மேல் வெயில் படாதபடி நகர்ந்து நின்றான். பஸ் வரும்வரை ஒன்றும் பேசவில்லை.