துணைக்கு வந்தவள்

அரசு ஆஸ்பத்திரியின் பின்பக்க வராந்தாவில் குவம்போகா காலை ஆறு மணியிலிருந்து உட்கார்ந்திருந்தாள். மனநலப் பிரிவு செவ்வாய்க்கிழமை மட்டும்தான். நைவாஷா ஏரியைச் சுற்றியுள்ள பூப்பண்ணைகளில் வேலை பார்க்கிறவர்கள் அந்தப் பெஞ்சில் நாலைந்து பேராவது இருப்பார்கள். ஆனால் ஒருவரையொருவர் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார்கள். தலைத்துணியை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு சுவரைப் பார்த்தபடி இருப்பார்கள். கெசாரே ஒருத்திதான் காலை நீட்டி, எண்ணெயில் பொரித்த மண்டாசிப் பலகாரத்தைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டு, ஊர்வம்பு பேசிக்கொண்டிருந்தாள். குவம்போகாவோடு ஒரே பண்ணையில் வேலை பார்க்கும் அவளுக்கு நோய் ஒன்றும் இல்லை, துணைக்கு வந்திருந்தாள்.

"எல்லாரும் ஏன்டி எழவு வீட்ல உக்காந்த மாதிரி இருக்காங்க? வயித்துவலி டாக்டர்கிட்ட இப்படியா மூஞ்சிய மறைப்பாங்க?"

"மெதுவா பேசு."

"எதுக்கு மெதுவா? உனக்கு உடம்பு சரியில்ல, வந்திருக்க. திருடவா வந்த?"

குவம்போகாவுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருஷமாக இப்படித்தான் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து அவளுடைய வெட்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அப்புறப்படுத்திக்கொண்டிருந்தாள்.

பதினொரு மணிக்கு நர்ஸ் கூப்பிட்டாள். மாத்திரையை எண்ணிக் கொடுத்தாள். "இத விடாம போடுங்க. ஆனா மாத்திரை மட்டும் பத்தாதும்மா. வாராவாரம் யாராவது உங்ககூட உக்காந்து பேசணும். அதுக்குன்னு படிச்சவங்க."

"அவங்க எங்க இருக்காங்க?"

"இங்க யாரும் இல்ல. நகூரு டவுன் பெரியாஸ்பத்திரியில ஒருத்தங்க பாக்குறாங்க."

"வாராவாரம் நகூருக்குப் போனா பண்ணையில என்னைய வெச்சிருப்பாங்களா?"

நர்ஸ் அடுத்த பெயரைக் கூப்பிட்டாள்.

இருமுனைக் கோளாறு என்று நோய்க்குப் பெயர் கிடைத்ததே இரண்டு வருஷத்துக்கு முன்புதான். அதுவரைக்கும் குவம்போகாவுக்கு அது ஏறுகிற நாட்களும் இறங்குகிற நாட்களும் மட்டுமே. ஏறுகிற நாட்களில் தூக்கம் கிடையாது, பக்கத்து அறைக்காரர்களின் துணியையெல்லாம் கேட்டு வாங்கித் துவைப்பாள். ரோஜா தரம் பிரிக்கும் மேசையில் மற்றவர்கள் மணிக்கு நாற்பது கட்டு போட்டால் இவள் எழுபது போடுவாள். மேற்பார்வையாளன் முட்டிசோ முதுகில் தட்டிக்கொடுத்து, "இவளப் பாத்துக் கத்துக்கங்க" என்பான். இறங்குகிற நாட்களில் போர்வையை விலக்கக்கூட கை வராது. அப்போது கெசாரே போய், அவளுக்கு மலேரியா என்று முட்டிசோவிடம் வாய் கூசாமல் பொய் சொல்லிவிட்டு வருவாள்.

மாத்திரை வந்த பிறகு ஏற்ற இறக்கம் குறைந்தது. அதோடு ஒரு பயமும் வந்து சேர்ந்தது. கொஞ்சம் சந்தோஷமாக இருந்தால்கூட, இது என்னுடையதா, நோயுடையதா என்று குவம்போகாவுக்குத் தெரியாமல் போயிற்று. தம்பி கல்யாணத்தில் ஆடினாள். பாதி ஆட்டத்தில் நின்று வெளியே போய்விட்டாள். இதை யாரிடமாவது கேட்டே ஆகவேண்டும் என்று இருந்தது.

கெசாரேதான் தேடி அலைந்தாள். முதலில் கூடாரச் சபைப் பாஸ்டர். அவர் குவம்போகாவின் தலையைப் பிடித்து இரண்டு மணி நேரம் ஆட்டியதில் நான்கு நாள் கழுத்துவலி மிச்சம். பிறகு பக்கத்துக் குடியிருப்பான கராகிட்டாவில் ஆலோசனை என்று போர்டு மாட்டியிருந்த ஓர் அம்மாள். பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, சீக்கிரம் ஒரு புருஷனைப் பார் என்றாள். ரேடியோவில் நம்பர் சொன்ன நைரோபி டாக்டர் ஒரு மணி நேரத்துக்குக் கேட்ட காசைச் சொன்னதும் கெசாரே போனை அணைத்துவிட்டு, "அந்த ஆளுக்கு மொதல்ல பைத்தியம் தெளியட்டும்" என்றாள்.

அக்டோபரில் ஒருநாள் மதியச் சாப்பாட்டு வேளையில் ஓடி வந்தாள். கையில் களி உருண்டை அப்படியே இருந்தது.

"ஏய், நாம ஊரெல்லாம் சுத்துறோம், ஆளு நம்ம பண்ணைக்குள்ளயே இருக்கார்டி! கிளினிக்ல புதுசா போட்டிருக்காங்க. ஷியுண்டுன்னு பேரு. வியாழக்கிழமை ரெண்டு மணியிலேருந்து."

"பண்ணை ஆளா? வேணாம்."

"ஏன்?"

"நாளைக்கு முட்டிசோ காதுக்குப் போகும்."

"அவரு வெளிய சொன்னா அவரு வேலையே போயிடும். நான் நேராவே கேட்டுட்டேன். நீ போ. நான் உன் மேசையையும் சேத்துப் பாத்துக்கறேன்."

ஷியுண்டு குள்ளமான மனிதர், சட்டைப் பையில் எப்போதும் நாலு பேனா. முதல் நாள் குவம்போகா முக்கால் மணி நேரம் பேசவில்லை. அவரும் அவசரப்படுத்தவில்லை. இரண்டாவது வாரம் கல்யாணத்தில் ஆடியதைச் சொன்னாள். "பாட்டு முடிஞ்சதும் தூக்கம் வந்துச்சா?" என்று கேட்டார். வந்தது என்றாள். "அப்ப அது உங்க சந்தோஷம்தான். பாதியில விட்டிருக்க வேணாம்" என்றார். அன்றைக்குக் குளிர் அறைக்குத் திரும்பி வாளி வாளியாக ரோஜாத் தண்டுகளை எடுத்துப் போட்டபோது, முள் குத்தியதுகூட அவளுக்கு உறைக்கவில்லை. தன்னைத் தானே புரிந்துகொள்ளும்படி ஒருவர் சொல்லிவிட்டார் என்பதே போதுமாக இருந்தது.

நவம்பர் கடைசியில் அவர் ஒரு காகிதம் எழுதச் சொன்னார். நோய் ஏறப்போகிறது என்பதற்கான அடையாளங்கள், அவளுடைய கையெழுத்திலேயே. "ஒரு நகல் உங்ககிட்ட இருக்கட்டும். இன்னொண்ணு நீங்க ரொம்ப நம்புற ஒருத்தர்கிட்ட குடுங்க. உங்களுக்கு முன்னாடி அவங்க கண்டுபிடிச்சிடுவாங்க."

யாரிடம் கொடுப்பது என்று யோசிக்கவே இல்லை. கெசாரே அதை வாசித்துவிட்டு மடித்து, தன் ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். "சாகுற வரைக்கும் இங்கதான் இருக்கும்" என்றாள்.

ஜனவரி பிறந்ததும் காதலர் தினத்துக்கான அவசரம் தொடங்கியது. பண்ணையில் ஞாயிறு என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும் மாதம் அது. எல்லோருக்கும் கண் சிவந்து, விரல் வீங்கியிருந்தது. குவம்போகா மட்டும் வேளாவேளைக்கு மாத்திரை போட்டு, ஆறு மணி நேரம் தூங்கி, நாற்பது கட்டு போட்டுக்கொண்டிருந்தாள். வாழ்க்கையிலேயே அவள் நன்றாக இருந்த மாதம் அதுதான். முட்டிசோவுக்கு அது பிடிக்கவில்லை. "எழுபது போட்ட கைதானே இது? என்ன, வேணும்னே மெதுவா பண்றியா?" என்று இரண்டு முறை கேட்டான். வியாழன்தோறும் மேசை ஏன் காலியாகிறது என்றும் கேட்டான்.

மூன்றாவது வாரம் நிர்வாகத்திடமிருந்து கடிதம் வந்தது. பணித்தகுதி பற்றிய விசாரணை. தொழிலாளி தனக்குப் பிடித்த சக தொழிலாளி ஒருவரைத் துணைக்கு அழைத்து வரலாம், அது சட்டம். சங்கத்துப் பிரதிநிதி ஒமாரி தானே வந்து சொன்னார், "நான் வர்றேன். எனக்கு இதுல பழக்கம் இருக்கு. அவங்கள எந்த இடத்துல நிறுத்தணும்னு தெரியும்."

"இல்லண்ணே. கெசாரே வருவா."

கெசாரே அன்றைக்குத் துணி பிழிந்துகொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. "என்னை வேணாம்டி. எனக்கு என்ன பேசத் தெரியும்? ஒமாரியையே கூட்டிட்டுப் போ."

"நீ பேச வேணாம். பக்கத்துல உக்காந்தா போதும்."

"சொன்னா கேளு, குவம்போகா."

"ஆஸ்பத்திரி பெஞ்சுல உக்காந்த மாதிரி உக்காரு. அவ்வளவுதான்."

கெசாரே ஈரத்துணியை மறுபடியும் முறுக்கினாள். அதில் தண்ணீர் மிச்சமே இல்லை.

விசாரணை அறையில் நிர்வாகத்து அம்மாள், முட்டிசோ, குறிப்பெடுக்க ஒரு பெண். மேசையின் இந்தப் பக்கம் குவம்போகா, ஒட்டிப்போட்ட நாற்காலியில் கெசாரே. உற்பத்தி குறைந்திருக்கிறது என்றார்கள். மற்றவர்கள் அளவுக்குத்தானே போடுகிறேன் என்றாள். ஷியுண்டு சொல்லிக்கொடுத்தபடி மூச்சை இழுத்துவிட்டுப் பேசினாள். ஜெயித்துவிடலாம் என்றுகூட ஒரு நிமிஷம் தோன்றியது.

அப்போது நிர்வாகத்து அம்மாள் ஒரு காகிதத்தைக் கோப்பிலிருந்து எடுத்து மேசையில் வைத்தாள். நான்காக மடித்துப் பிரித்த காகிதம்.

"இது உங்க கையெழுத்துதானே?"

குவம்போகாவின் கை தானாகவே தன் கைப்பைக்குள் போயிற்று. அவளுடைய நகல் மாத்திரைச் சீட்டோடு பத்திரமாக இருந்தது. அதை விரலால் தொட்டுக்கொண்டே அவள் உட்கார்ந்திருந்தாள்.

அந்த அம்மாள் விலைப்பட்டியல் வாசிப்பதுபோல் வாசித்தாள். "ரெண்டு மணி நேரம்தான் தூங்குவேன். அடுத்தவங்கள பேச விட மாட்டேன். கையில இருக்கறத எல்லாருக்கும் தூக்கிக் குடுப்பேன். யார் சொன்னாலும் கேக்க மாட்டேன்." நிமிர்ந்து பார்த்தாள். "யார் சொன்னாலும் கேக்க மாட்டேன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. கத்தியும் கத்தரியும் புழங்குற இடம் இது."

"அது நோய் ஏறினா... இப்ப ஏறலையே. ஏறக்கூடாதுன்னுதான் எழுதினேன். அடுத்த வரியையும் வாசிங்க."

அந்த அம்மாள் வாசித்தாள். "கெசாரே சொன்னா மட்டும் கேப்பேன்."

கெசாரே மடியில் இருந்த தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறிப்பெடுத்த பெண்ணுக்கு அந்தப் பெயர் யாருடையது என்று தெரியாது. எழுத்தைக் கூட்டிச் சொல்லச் சொன்னாள். குவம்போகாதான் ஓர் எழுத்து ஓர் எழுத்தாகச் சொன்னாள்.

அரை மணியில் முடிந்தது. உடல்நலக் காரணத்தால் பணியிலிருந்து விடுவிப்பு. தாளின் அடியில், விசாரணை முறைப்படி நடந்ததாகத் துணைக்கு வந்தவரும் கையெழுத்துப் போடவேண்டும். கெசாரே போட்டாள்.

வெளியே தாழ்வாரத்தில் குவம்போகா அவளுடைய முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"ஏன்டி?"

"என் காண்ட்ராக்ட் மார்ச்சோட முடியுது. உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"நீ வியாழக்கிழமை எங்க போறன்னு சொன்னா நிரந்தரமாக்கறேன்னு முட்டிசோ சொன்னான். வாயால சொன்னேன், நம்பல. காகிதம் இருந்தா குடுன்னான்." கெசாரே அழுதுகொண்டே பேசினாள். "சும்மா வேற மேசைக்கு மாத்துவாங்கன்னுதான் நெனச்சேன். சத்தியமா."

"மலேரியான்னு பொய் சொல்றப்ப உன் வாய் கூசுனதே இல்ல. இப்பவும் ஒரு பொய் சொல்லியிருக்கலாமேடி. ஒண்ணே ஒண்ணு."

"ரெண்டு பிள்ளைங்கள வெச்சிருக்கேன்டி."

"என்கிட்ட கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன்" என்றாள் குவம்போகா. சொன்ன பிறகு, அது உண்மையில்லை என்று அவளுக்கே தெரிந்தது. அவள் வாழ்க்கையில் யாரையும் இவ்வளவு வெறுத்ததில்லை. யாருடைய தோளில் சாய்ந்து இதை அழுவது என்று தேடினால், அதுவும் இவள் தோளாகவே இருந்தது.

அடுத்த வியாழன் ஒன்றே முக்காலுக்கு குவம்போகா பண்ணை வாசலுக்கு வந்தாள். நாலு நாளாகத் தூக்கம் மூன்று மணி நேரத்துக்குமேல் நிற்கவில்லை. ஷியுண்டுவைப் பார்த்துவிட்டால் போதும், மாத்திரையைக் கூட்டச் சொல்வார், ஏதாவது சொல்வார்.

காவல்காரப் பையன் அவளைத் தெரிந்தவன்தான். கேட்டைத் திறக்கவில்லை.

"கிளினிக் வேலை செய்றவங்களுக்கு மட்டும்தான்க்கா."

"ரெண்டு மணி எனக்குன்னு ஒதுக்கினது தம்பி. அவர்கிட்ட போன் போட்டுக் கேளேன்."

அவன் சங்கடத்தோடு அட்டையில் செருகியிருந்த பட்டியலைப் பார்த்தான். கம்பிவழியாக அவள் பக்கம் திருப்பியும் காட்டினான்.

"ரெண்டு மணிக்கு வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்கக்கா. தூக்கமே வரலன்னு ஒருத்தங்க திங்கக்கிழமை வந்து எழுதிட்டுப் போனாங்க."

குவம்போகா கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். கிளினிக் வாசல் பெஞ்சில் கெசாரே உட்கார்ந்திருந்தாள், தலைத்துணியை நெற்றி வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு. ஷியுண்டு கதவைத் திறந்து ஏதோ சொன்னார். கெசாரே எழுந்து, செருப்பைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.