மூட்டுக்குக் காது உண்டு

என் வீட்டுக்காரர் வாயிலிருந்து "வலிக்குது" என்று ஒரு வார்த்தை வராது. கத்திக் கத்தி என் தொண்டைதான் போனது. அவருக்குப் பிறவியிலேயே ஹீமோபிலியா, ரத்தம் உறையாத நோய். அடிகூடப் பட வேண்டாம், சும்மா இருக்கும்போதே மூட்டுக்குள் கசியும். எங்கே வலிக்கிறது என்று பெயர் சொன்னால் அந்த மூட்டு கேட்டுக்கொண்டு கசிய ஆரம்பித்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. அவர் அண்ணனுக்கும் இதே நோய்தான். டாக்டரிடம் எல்லாவற்றையும் ஒளிக்காமல் ஒப்பித்தவர், அந்த வாரமே தலைக்குள் ரத்தம் கசிந்து போய்ச் சேர்ந்தார். அன்றையிலிருந்து இவருக்கு வாய்ப்பூட்டு. எனக்கு இந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரியில் பெரியவர்களை மட்டும் கூப்பிட்டு, இந்த நோயோடு எப்படி வாழ்கிறீர்கள் என்று கேட்டு மதிப்பெண் போட்டார்கள். ரொம்பச் சிரமப்படுகிறவர்களுக்கு, கசியும் முன்பே தடுக்கிற புது ஊசி. மற்றவர்களுக்குப் பழையபடி, கசிந்த பிறகுதான் ஊசி. அந்தப் புது ஊசி இவருக்குக் கிடைத்தே ஆக வேண்டும்.

ஜன்னல் இல்லாத சின்ன அறை. நர்ஸ் எதிரே உட்கார்ந்து ஆரம்பித்தாள்.

"படி ஏறச் சிரமமா இருக்கா சார்?"

"இல்லம்மா."

எப்படி இருக்கும்? மனுஷன் படிப் பக்கமே போவதில்லையே!

"வேலைக்குப் போறதுல?"

"ஒண்ணுமில்ல."

வேலையை விட்டே வருஷக்கணக்காகிறது.

"வலி?"

"சுத்தமா இல்ல."

"பரவாயில்லையே சார், நல்லா இருக்கீங்க!" என்று சிரித்தாள். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது.

"பச்சைப் பொய் சிஸ்டர்! இடது முழங்கால் வலியில தூக்கமே கிடையாது."

"வேணாம்," என்று என் கையைப் பிடித்தார்.

"நீங்க சும்மா இருங்க. வலது முழங்கையை மடக்க முடியாது. இடது கணுக்கால்..."

நர்ஸ் எழுதுவதை நிறுத்தினாள். அவள் பார்த்த இடத்தை நானும் பார்த்தேன். காலையில் தொளதொளவென்று இருந்த பேன்ட், இடது முழங்காலில் இறுகியிருந்தது. சட்டைக் கைக்குள் முழங்கை உருண்டு புடைத்திருந்தது. கணுக்கால், நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, செருப்பு வாருக்கு மேல் மெல்ல எழும்பியது. அறையில் எங்களைத் தவிர இன்னொருவர் உட்கார்ந்து, நான் சொல்வதையெல்லாம் கவனமாகக் கேட்பது போலிருந்தது.

நர்ஸ் எழுந்தாள். "மூட்டுக்கு ஊசி போட்டு அனுப்பிடலாம். வேற எங்கயாவது வலி இருக்காம்மா?"

நேற்றிலிருந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். சொல்லாவிட்டால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அண்ணன் போன வழியில் இவரும் போய்விடுவார். சொன்னால்?

"வேணாம்டி. உன் கால்ல வேணா விழறேன்," என்றார்.

"தலை," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். நர்ஸ் ஓடினாள்.

ஸ்கேன், ஊசி எல்லாம் முடிந்து டாக்டர் வெளியே வந்தார். "பிழைச்சுட்டார்மா. நல்ல வேளை, நீங்க வாயைத் திறந்தீங்க."

"நேத்திலிருந்தே வலி டாக்டர்."

"அது சாதாரணத் தலைவலியா இருக்கும். இது ரொம்பப் புது ரத்தம். நீங்க அந்த ரூம்ல உட்கார்ந்திருந்தப்பதான் கசிய ஆரம்பிச்சிருக்கணும்."

உள்ளே போனேன். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். எப்படி இருக்கிறது என்று கேட்க எனக்குப் பயமாக இருந்தது.